பாயிண்டில் மட்டும் தடம் புரளும் எஞ்சின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேர்ப்பாதையில் ராஜா மாதிரி போகிற எஞ்சின், பாயிண்டை, அதாவது ஒரு தடம் இரண்டாகப் பிரிகிற இடத்தை, தொட்டதும் சாய்ந்து உட்கார்ந்துவிடும். மாடல் ரயில் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்த எரிச்சல் இது. இங்கே சொல்லும் அளவுகள் எல்லாம் 16.5 மில்லிமீட்டர் தடத்துக்கானவை, அதாவது ஹெச்.ஓ. (1:87), ஓ.ஓ. (1:76) இரண்டுக்கும். 9 மி.மீ. தடத்தில் 'என்' அளவு ஓட்டுகிறவர்களுக்கும் காரணங்கள் இவைதான், எண்கள் மட்டும் வேறு.

முதலில், பாயிண்டின் எந்தப் பாகத்துக்கு என்ன பெயர்?

நகர்கிற இரண்டு கூரான தண்டவாளங்கள் பிளேடு. அவை போய் ஒட்டிக்கொள்கிற வெளித் தண்டவாளம் ஸ்டாக் ரெயில். இரண்டு பிளேடையும் சேர்த்து இழுக்கிற குறுக்குக் கட்டை டை பார். இரு பாதைகளின் தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கிற 'வி' வடிவ இடம் ஃபிராக். ரயில்வேக்காரர்கள் கிராசிங் என்பார்கள். ஃபிராக்குக்கு நேர் எதிரே, ஓரத் தண்டவாளத்தை ஒட்டி உள்பக்கமாக இருக்கும் சின்னத் துண்டு செக் ரெயில். பிளேடு முனைப் பக்கமிருந்து வண்டி வந்தால் ஃபேசிங், ஃபிராக் பக்கமிருந்து வந்தால் டிரெய்லிங். இவ்வளவு போதும்.

குற்றம் எஞ்சின் மேலா, பாயிண்ட் மேலா?

ஒரே எஞ்சின் எல்லாப் பாயிண்டிலும் விழுந்தால் எஞ்சினைப் பாருங்கள். எல்லா எஞ்சினும் ஒரே பாயிண்டில் விழுந்தால் பாயிண்டைப் பாருங்கள். இது எல்லோருக்கும் தெரியும். தலைவலி மூன்றாவது வகை: ஒரு குறிப்பிட்ட எஞ்சின், ஒரு குறிப்பிட்ட பாயிண்டில் மட்டும் விழும். அந்த எஞ்சின் வேறெங்கும் விழாது, அந்தப் பாயிண்டில் வேறெதுவும் விழாது. இங்கே பெரும்பாலும் இரண்டுமே கொஞ்சம் கொஞ்சம் தப்பு. தனித்தனியாகப் பார்த்தால் சமாளித்துவிடும், சேர்ந்தால் சமாளிக்காது. அதனால் ஒன்றைச் சரிசெய்ததும் பிரச்சினை போய்விட்டது என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். இன்னொன்று அடுத்த எஞ்சினுக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

ஒரு பழைய நோட்டில் எழுதி வையுங்கள்: ஃபேசிங்கா டிரெய்லிங்கா, நேர்வழியா வளைவு வழியா, இழுக்கும்போதா தள்ளும்போதா, முதலில் ஏறியது எத்தனையாவது சக்கரம். பத்துமுறை எழுதினால் பாதி விடை அதிலேயே வந்துவிடும்.

விழுகிற இடத்தை உற்றுப் பார்த்தேன். அங்கே ஒரு தப்பும் தெரியவில்லையே?

விழுந்த இடம் வேறு, ஏறிய இடம் வேறு. சக்கரத்தின் ஃபிளேஞ்ச் (தண்டவாளத்தின் உள்பக்கம் இறங்கி நிற்கிற விளிம்பு) பிளேடு முனையில் தண்டவாளத்தின் மேல் ஏறியிருக்கும். அப்படியே தலைமேல் உருண்டு ஒரு சாண் தள்ளிப் போய், ஃபிராக்கில்தான் உள்ளே விழும். நாம் ஃபிராக்கைக் குடைந்துகொண்டிருப்போம்.

எஞ்சினைக் கையால் தள்ளிப் பார்க்க முடியாது, உள்ளே இருக்கிற வொர்ம் கியர் விடாது. மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டி, கண்ணைத் தண்டவாள மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள். அறை விளக்கை அணைத்து, பாயிண்டுக்கு அந்தப் பக்கம் ஒரு டார்ச் வைத்தால் இன்னும் நல்லது. எந்தச் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே மெல்லிய ஒளிக்கோடு தெரிகிறதோ, அதுதான் ஏறிய சக்கரம். செல்போனை ஜல்லி மேலேயே படுக்க வைத்து ஸ்லோ மோஷனில் எடுப்பது இதைவிட எளிது. முழங்காலுக்கும் இதம்.

பிளேடு முனையில்தான் ஏறுகிறது. என்ன செய்வது?

விரல் நகத்தை ஸ்டாக் ரெயிலின் உள்பக்கத்தில் வைத்து, வண்டி போகிற திசையிலேயே பிளேடு மேல் வழுக்கிக்கொண்டு போங்கள். நகம் தட்டுகிற இடத்தில் ஃபிளேஞ்சும் தட்டும். நகம் தட்டாமல் போனால் பிளேடு நன்றாகவே உட்கார்ந்திருக்கிறது, வேறு இடம் தேடலாம்.

தட்டினால், முதல் சந்தேகம் குப்பை. பிளேடுக்கும் ஸ்டாக் ரெயிலுக்கும் நடுவே ஒரே ஒரு ஜல்லித் துகள் போதும். ஜல்லி ஒட்ட ஊற்றிய பசைத் தண்ணீர் டை பாருக்கு அடியில் ஓடி உறைந்திருப்பதும் சகஜம். இடுக்கியால் எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பட்ஸால் தடவினால் வெள்ளைப் பசை இளகும். பிளேடு வழுக்கிப் போகிற இடத்தில் எண்ணெய் விடாதீர்கள், தூசியைக் கூப்பிட்டு உட்கார வைக்கும். மென்மையான பென்சிலால் தேய்த்தால் போதும். ஆனால் பென்சில் கரியில் மின்சாரம் பாயும், ஃபிராக்கின் பிளாஸ்டிக் இடைவெளிப் பக்கம் அதைக் கொண்டுபோக வேண்டாம்.

குப்பை இல்லையென்றால் அழுத்தம் குறைவு. பீக்கோ நிறுவனத்தின் பாயிண்டுகளில் டை பாருக்குள் ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்கும். பிளேடை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிப் பிடித்துக்கொள்வது அதுதான். அது களைத்திருக்கலாம், கழன்றுபோயிருக்கலாம். ஸ்பிரிங் இல்லாத வகைப் பாயிண்டை, பிளேடை நகர்த்துகிற மோட்டார் இல்லாமல் வைத்திருந்தால், பிடித்துக்கொள்ள அங்கே யாரும் இல்லை என்று அர்த்தம்.

பாயிண்ட் மோட்டார் 'டக்' என்று அடிக்கிறது. இருந்தும் பிளேடு முழுதாகப் போவதில்லையே?

காயில் வகை மோட்டார் ஒரே உதையில் வேலையை முடிக்க வேண்டும். நீளமான மெல்லிய ஒயர் போட்டிருந்தால் உதையில் பாதி ஒயரிலேயே போய்விடும். ஒரு சி.டி.யு. (கெப்பாசிட்டரில் மின்சாரத்தைச் சேர்த்து வைத்து ஒரே நொடியில் கொட்டுகிற சின்னப் பலகை) வைத்தால் பெரும்பாலும் தீரும். அப்புறம், மோட்டார் பாயிண்டின் நட்ட நடுவே பொருத்தியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் ஒரு பக்கம் கெட்டியாகவும் மறுபக்கம் தளர்வாகவும் உட்காரும். டார்ட்டாய்ஸ் போன்ற மெதுவாக நகரும் மோட்டார்கள் பிளேடைத் தள்ளிய பிறகும் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கும். காசு கொஞ்சம் அதிகம்தான்.

ஃபிராக்கில் இடிக்கிறது, துள்ளுகிறது. ஃபிராக்தான் சரியில்லையா?

இருக்கலாம். ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது சக்கரங்களின் பேக்-டு-பேக் அளவை. ஓர் அச்சின் இரண்டு சக்கரங்களுக்கும் உள்பக்கம் இருந்து உள்பக்கம் உள்ள தூரம் அது. 16.5 மி.மீ. தடத்தில் அது 14.4 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். ஓ.ஓ. வண்டிகளில் 14.5 வரை பார்க்கலாம்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு, ஃபிராக்கில் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஃபிராக்கின் கூர்மூக்குக்கு முன்னால் தண்டவாளத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த நொடியில் அந்தப் பக்கச் சக்கரத்துக்கு வழிகாட்ட ஆள் இல்லை. அப்போது எதிர்ப்பக்கத்துச் சக்கரத்தின் முதுகைச் செக் ரெயில் பிடித்து, அச்சையே தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்கிறது. அந்தப் பிடியில்தான் இந்தப் பக்கச் சக்கரம் மூக்கில் மோதாமல் தாண்டுகிறது.

இப்போது சக்கரங்கள் அதிகம் விலகியிருந்தால்? செக் ரெயில் சரியாகத்தான் பிடிக்கும், ஆனாலும் இந்தப் பக்க ஃபிளேஞ்ச் மூக்கை எட்டிவிடும். மோதும், அல்லது தப்பான பாதைக்குள் நுழையும். சக்கரங்கள் அதிகம் நெருங்கியிருந்தால் கதை வேறு: செக் ரெயிலுக்கும் ஃபிராக்கின் பக்கத் தண்டவாளத்துக்கும் வெளியே இரண்டு சக்கரங்களும் போக வேண்டும், அந்த அகலத்துக்கு அவை போதாது. இறுக்கி, ஏறி, துள்ளி விழும். இரண்டு தப்புக்கும் சத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். அளக்காமல் சொல்ல முடியாது.

எதை வைத்து அளப்பது?

டிஜிட்டல் வெர்னியர் காலிப்பர் போதும். உள் அளவு எடுக்கிற மேல் தாடைகளைச் சக்கரங்களுக்கு நடுவே விட்டு, ஓர் அச்சில் மூன்று இடத்தில் அளங்கள். மூன்றும் வேறு வேறாக வந்தால் சக்கரம் கோணல். அதை நகர்த்திப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான்.

அமெரிக்காவில் 1935-இல் தொடங்கிய தேசிய மாடல் ரயில்வே சங்கம், என்.எம்.ஆர்.ஏ., ஹெச்.ஓ.-வுக்கென்று ஒரு தகட்டு அளவுகோல் வைத்திருக்கிறது. உள்ளங்கை அளவுதான். தட அகலம், செக் ரெயில் இடைவெளி, பிளேடு திறப்பு, சக்கர இடைவெளி எல்லாவற்றையும் எண் பார்க்காமல் 'போகிறது, போகவில்லை' என்று அதிலேயே சோதிக்கலாம். ஓட்டுகிற எல்லோர் வீட்டிலும் ஒன்று இருக்க வேண்டும் என்பேன்.

அளவு தப்பாக இருந்தால் சக்கரத்தை நகர்த்துவது எப்படி?

டீசல், மின்சார எஞ்சின்களில் பல, நடுவே பிளாஸ்டிக் கியரும் இரு பக்கமும் அதில் செருகிய உலோக அரை அச்சுமாக இருக்கும். இரண்டு சக்கரத்தையும் விரலால் பிடித்து, லேசாகத் திருகிக்கொண்டே இழுக்கவோ அழுத்தவோ செய்யலாம். வெண்ணெய் மாதிரி நகர்ந்தால் சந்தோஷப்படாதீர்கள், கியர் வெடித்திருக்கிறது. ஓடும்போது சீராக 'டிக் டிக்' என்று கேட்கும், இன்று சரிசெய்த அளவு நாளை மாறும். கியரையே மாற்றுங்கள்.

நீராவி எஞ்சினில் மட்டும் திருகவே கூடாது. ஓட்டுச் சக்கரங்கள் இரு பக்கமும் 90 டிகிரி வித்தியாசத்தில் பொருத்தப்பட்டிருக்கும். அது கலைந்தால் இணைப்புத் தண்டுகள் பிணங்கிக்கொண்டு எஞ்சின் நொண்டும். நேராக இழுக்கவோ அழுத்தவோ மட்டும் செய்யலாம். பழக்கமில்லையென்றால் தெரிந்தவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

ஃபிராக்கை அரத்தால் கொஞ்சம் தேய்த்துவிட்டால் என்ன?

வேண்டாம். நான் செய்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

பழைய ஆறச்சு டீசல் எஞ்சின் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தேன். யார்டு நுழைவில் இருக்கிற பாயிண்டில் மட்டும் விழும். மற்றவை ஒழுங்காகப் போயின. ஃபிராக்கின் மூக்கு கொஞ்சம் உயரம் என்று தோன்றியது. ஊசி அரத்தால் இரண்டு இழுப்பு. கொஞ்சம் பரவாயில்லை போல் இருந்தது. மறுநாள் இன்னும் நான்கு இழுப்பு. மூன்று வாரம் இப்படியே போனது. கடைசியில் அந்த எஞ்சின் பத்துக்கு ஏழுமுறை போயிற்று. அதுவரை ஒருமுறைகூட விழாத பெட்டிகள் எல்லாம் அங்கே தடுக்க ஆரம்பித்தன. அப்புறம்தான் காலிப்பர் எடுத்தேன். பின் போகியின் (அச்சுகளைத் தாங்கித் திரும்புகிற சட்டம்) நடு அச்சு 13.9. மற்ற ஐந்தும் 14.4-ஐ ஒட்டி. அந்த ஓர் அச்சைச் சரிசெய்ய இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பாயிண்டு போனது போனதுதான்.

சேர்க்கிற வைத்தியத்தைத் திரும்ப எடுத்துவிடலாம், தேய்க்கிற வைத்தியத்தை எடுக்க முடியாது. செக் ரெயில் இடைவெளி அகலமாக இருந்து சக்கரம் மூக்குப் பக்கம் அலைந்தால், செக் ரெயிலின் சக்கரம் உரசுகிற முகத்தில் கால் மில்லிமீட்டர் பிளாஸ்டிக் துண்டு ஒட்டிப் பாருங்கள். புதுச் சட்டை வருகிற பெட்டியின் ஒளி ஊடுருவும் மூடி ஏறக்குறைய அந்தத் தடிமன்தான். வெட்டுமுன் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். சரிவராவிட்டால் சவரப் பிளேடால் நெம்பினால் வந்துவிடும்.

நேர்வழியில் போகிறது, வளைவு வழியில் மட்டும் புரள்கிறது. ஏன்?

வளைவு அதற்கு அதிகம். இந்திய ரயில்வேயின் அகலப் பாதையில் வழக்கமான 1-க்கு 12 பாயிண்டின் (12 அடி போனால் 1 அடி விலகுகிற கோணம்) வளைவு ஆரம் சுமார் 441 மீட்டர். 87-ஆல் வகுத்தால் ஐந்து மீட்டருக்கு மேல் வரும். நம் வீட்டு செட்டோடு வருகிற ஹார்ன்பி பாயிண்டின் ஆரம் 438 மில்லிமீட்டர். எண் கிட்டத்தட்ட அதே, மீட்டர் மட்டும் மில்லிமீட்டர் ஆகிவிட்டது. பீக்கோ ஸ்ட்ரீம்லைன் வரிசையில் சிறியது 610, நடுத்தரம் 914, பெரியது 1524 மி.மீ. அந்தப் பெரியதுகூட நிஜத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நம் எஞ்சின்கள் ஓடுவதே ஆச்சரியம்.

நான்கு அச்சு எஞ்சின் 438-இல் போய்விடும். ஆறு அச்சில் நடு அச்சு பக்கவாட்டில் நகர இடம் வேண்டும். டபிள்யூ.டி.எம்.-2 மாதிரியான எஞ்சினைத் தலைகீழாகப் பிடித்து நடு அச்சை விரலால் இடம் வலம் தள்ளிப் பாருங்கள், நகராவிட்டால் சின்னப் பாயிண்டில் தகராறு நிச்சயம். போகி முழுதாகத் திரும்புகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஒயர் இழுத்துப் பிடிக்கும், படிக்கட்டு, பைப்பு என்று நாம் ஆசையாக ஒட்டிய அலங்காரம் போகியில் இடிக்கும். எஞ்சினை ஒரு முகக்கண்ணாடி மேல் வைத்து, எல்லாச் சக்கரமும் தன் பிம்பத்தைத் தொடுகிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம். தொடாத சக்கரம் பாயிண்டிலும் தொடாது.

நீராவி எஞ்சினின் முன்னால் உள்ள சின்னச் சக்கரம் மட்டும் விழுகிறது. என்ன செய்யலாம்?

எடை இல்லை. ஓட்டுச் சக்கரங்கள் மேல் முழு எஞ்சினும் உட்கார்ந்திருக்கிறது, அந்தச் சின்னச் சக்கரம் சும்மா கூடவே ஓடுகிறது. அதன் கட்டைமேல் சின்ன ஈயத்துண்டோ பித்தளை வாஷரோ ஒட்டுங்கள். பிடிக்கிற திருகு அளவுக்கு மீறி இறுகியிருந்தால் அரைச் சுற்று தளர்த்துங்கள்.

முன்னால் இழுத்தால் சரி. பின்னால் தள்ளினால் விழுகிறது. இது எதனால்?

அப்போது எஞ்சினைத் தள்ளிவிடுவது பெரும்பாலும் பெட்டிதான். இரண்டு பாயிண்டை எதிரெதிராக ஒட்டிப் போட்ட கிராஸ்ஓவரில் வண்டி இடம் வளைந்து உடனே வலம் வளையும். ஐ.சி.எஃப். பெட்டி நிஜத்தில் 21 மீட்டருக்குச் சற்று மேல், ஹெச்.ஓ.-வில் 245 மி.மீ.; எல்.ஹெச்.பி. இன்னும் நீளம், 270. அத்தனை நீளப் பெட்டியின் மூலை ஒரு பக்கம் வெளியே போகும்போது எஞ்சினின் மூலை மறுபக்கம் போகும். கப்ளர் (வண்டிகளை இணைக்கிற கொக்கி) நடுவில் மாட்டிக்கொண்டு எஞ்சினையே பக்கவாட்டில் தூக்கிவிடும். இரண்டு பாயிண்டுக்கும் நடுவே நேர்த்துண்டு ஒன்று போட இடமிருந்தால் போடுங்கள்.

கேடீ வகைக் கப்ளர் என்றால், அதன் அடியில் தொங்கும் வளைந்த கம்பியைப் பாருங்கள். தாழ்வாக இருந்தால் ஃபிராக்கிலோ செக் ரெயிலிலோ மாட்டும். இடுக்கியால் ஒரு துளி மேலே வளைத்தால் முடிந்தது.

விழவில்லை. ஃபிராக்கில் ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு நின்றுவிடுகிறது.

அது தடம் புரளல் இல்லை, ஷார்ட் சர்க்யூட். பிளாஸ்டிக் ஃபிராக் உள்ள பாயிண்டில், மூக்குக்குப் பின்னால் எதிரெதிர் மின்முனை கொண்ட இரண்டு தண்டவாளங்கள் மிக நெருக்கமாக வரும். அகலமான உலோகச் சக்கரம் இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டுவிடுகிறது. இருட்டில் பார்த்தால் பொறி தெரியும். அந்த இடத்தில் நிறமில்லாத நகப்பூச்சு ஒரு கோடு பூசுங்கள். தேய்ந்ததும் மறுபடி பூச வேண்டும்.

தாத்தா காலத்து எஞ்சின். எல்லா ஃபிராக்கிலும் தடதடக்கிறது.

பழைய சக்கரங்களின் ஃபிளேஞ்ச் ஆழமாக இருக்கும். ஃபிராக்கின் அடித்தளத்தில் தட்டி வண்டியே எழும்பும். கோட் 100 தண்டவாளம் 2.54 மி.மீ. உயரம், சமாளிக்கும்; கோட் 75 வெறும் 1.9, சமாளிக்காது. சக்கரம் மாற்ற முடியாவிட்டால் அலமாரியில் அழகாக வைத்துவிடலாம்.

மார்கழியில் ஒழுங்காக ஓடியது. மே மாதத்தில் அதே பாயிண்டில் விழுகிறது. சாத்தியமா?

மொட்டை மாடி அறையில் வைத்திருப்பவர்களுக்கு நன்றாகவே சாத்தியம். நிக்கல் சில்வர் தண்டவாளம் மூன்று மீட்டர் நீளத்தில் 15 டிகிரி சூடேறினால் முக்கால் மில்லிமீட்டர் நீளும். எங்கும் இடைவெளி விடாமல் முட்ட முட்டப் போட்டிருந்தால், அந்த முக்கால் மில்லிமீட்டர் எங்காவது வளைந்துதான் தீரும். வளைவது பாயிண்டின் வாய்ப்பக்க இணைப்பில். தண்டவாளங்களை இணைக்கிற ஃபிஷ்பிளேட் இடத்தில் விரலை வைத்துத் தடவினால் சின்ன முட்டி தெரியும். சக்கரம் அங்கே ஒரு பக்கம் தள்ளப்பட்டு, பிளேடு முனைக்குக் கோணலாக வந்து சேரும்.

மழைக்காலத்தில் பிளைவுட் ஊறி முறுக்கிக்கொள்வதும் உண்டு. பாயிண்டின் குறுக்கே ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைத்து ஆடுகிறதா என்று பாருங்கள். தடத்தைப் பதிக்கும்போதே தப்பு நடந்திருக்கலாம்: ஸ்லீப்பர் நடுவில் ஆணியை முழுக்க அடித்து இறக்கினால் ஸ்லீப்பர் குழிந்து, இரண்டு தண்டவாளமும் உள்பக்கம் சாயும், தடம் இறுகும். ஆணியைக் கொஞ்சம் மேலே நெம்பிவிட்டால் நிமிர்ந்துவிடும்.

எப்போது பாயிண்டை மாற்றியே ஆக வேண்டும்?

பிளேடு முனை மழுங்கியோ வளைந்தோ இருந்தால், பிளேடின் கீல் தொளதொளத்தால், ஃபிராக்கின் பிளாஸ்டிக் பள்ளமாகத் தேய்ந்து சக்கரம் அதில் இறங்கி ஏறினால் மாற்றிவிடுங்கள். நான் அரம் போட்ட பாயிண்டை யார்டு மூலையில், உடைசல் வண்டிகள் நிற்கிற தண்டவாளத்துக்கு மாற்றிவிட்டேன். பிளேடைப் பசை போட்டு ஒரு பக்கமாகவே ஒட்டிவிட்டாயிற்று. சுற்றிலும் புல் நட்டு, மேலே சக்கரமில்லாத ஒரு சரக்குப் பெட்டியை நிறுத்தியிருக்கிறேன்.